அந்தப் பையனுக்குச் சொல்லிக்கொடு

அன்புள்ள கண்ணா,

ஃபோனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். நீ தமிழ்ப் பள்ளியில் படித்த தமிழ் இதற்குப் போதும், மெதுவாகப் படி.

உன்னை வேலையை விட்டு அனுப்புகிறார்களாம். அதற்கு முன் ஆறு வாரம் உட்கார்ந்து புது ஆளுக்கு உன் வேலையைச் சொல்லிக்கொடுத்தால்தான், நீங்கள் கேடி (Knowledge Transfer) என்கிறீர்களே அதைக் கொடுத்தால்தான், அனுப்பும்போது தரும் கடைசிப் பணம் கைக்கு வரும் என்றார்களாம். உன் இடத்துக்கு வந்திருப்பது வேலை விசாவில் இந்தியாவிலிருந்து வந்த ஒரு பையன். "நீயும் அப்படி வந்தவள்தானே அம்மா" என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டாய். ஆமாம் கண்ணா, அப்படித்தான் வந்தேன்.

1999-ல், கம்பெனி மனு போட்டு வாங்கித் தரும் ஹெச்-1பி வேலை விசாவில் அமெரிக்காவுக்கு வந்து நியூஜெர்சியில் இறங்கினேன். 2000 பிறந்தால் கம்ப்யூட்டர்கள் தேதியில் குழம்பிவிடும் என்ற ஒய்2கே பரபரப்பு. ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் கோபோல் என்ற பழைய கம்ப்யூட்டர் மொழியில் வேலை. எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அங்கே 19 வருடம் இருந்தவர். புரோகிராமை நீளத் தாளில் அச்சடித்து ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்திருப்பார். "இந்த வரியைத் தொடாதே. 1987-ல் தொட்டோம், ஒரு மாத பில் நின்றுபோனது." இப்படிப் பக்கம் பக்கமாக. மூன்றாவது வாரம்தான் எனக்குத் தெரிந்தது, நான் கற்று முடித்ததும் அவரை வீட்டுக்கு அனுப்பப்போகிறார்கள் என்று. அவரே சொன்னார், குரலை உயர்த்தாமல். அவர் வாங்கியதைவிட என் சம்பளம் குறைவு என்பதும் அன்றுதான் தெரிந்தது. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே மூடிவிட்டேன்.

மறுநாளும் வேலைக்குப் போனேன். விசா கம்பெனி கையில். அப்போதெல்லாம் வேறு கம்பெனி மனு போட்டு, அது ஒப்புதலாகி வரும்வரை அங்கே சேர முடியாது. மனு போட்டதுமே சேரலாம் என்ற சட்டம் 2000 அக்டோபரில்தான் வந்தது. அவரிடம் நான் ஒரு மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. இன்றும் உறுத்துகிறது.

அதனால் உன் கோபம் தப்பு என்று சொல்லமாட்டேன். "திறமை இருந்தால் எதற்குப் பயம்" என்று நம் சொந்தக்காரர்கள் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாதே. உன் திறமையில் குறை கண்டு அனுப்பவில்லை. விசா ஆட்களையே பெரும்பாலும் நம்பி நடக்கும் கம்பெனிகள் அமெரிக்கத் தொழிலாளியை நீக்கி அந்த இடத்தில் ஆள் வைக்கக் கூடாது என்று 1998-லேயே சட்டம் போட்டார்கள். ஆனால் அந்த விசா ஆளுக்கு வருடம் 60,000 டாலர் கொடுத்தாலோ, அவரிடம் முதுகலைப் பட்டம் இருந்தாலோ அந்த விதி பொருந்தாது. இத்தனை வருடத்தில் விலைவாசி எங்கேயோ போய்விட்டது, அந்தத் தொகை மட்டும் அப்படியே நிற்கிறது. கோபப்படு, அந்த ஓட்டையின் மீது. உன் தொகுதியின் அமெரிக்க காங்கிரஸ் உறுப்பினருக்கு எழுது. நீ இங்கே பிறந்தவன், உனக்கு ஓட்டு இருக்கிறது. எனக்கு அன்று அதுவும் இல்லை.

அந்தப் பையனையும் கொஞ்சம் நினைத்துப் பார். வேலை போனால் 60 நாளுக்குள் வேறு கம்பெனி பிடிக்க வேண்டும், இல்லையென்றால் பெட்டி கட்ட வேண்டும். கிரீன் கார்டில் எந்த நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்பதால், இந்தியாவில் பிறந்தவன் வருடக்கணக்கில் அந்த வரிசையில் நிற்கிறான். சம்பளம் போதாது, இந்த வேலையைச் செய்யமாட்டேன் என்று சொல்ல அவனுக்கு வாய் இல்லை. உன் கூலியைக் கீழே இழுப்பது அந்த வாயில்லாமைதான். 2025 செப்டம்பரில் புது மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று அறிவித்தார்களே, அதுவும் இந்தக் கட்டை அவிழ்க்காது. அவ்வளவு கொட்டிக் கொண்டுவந்த ஆளைக் கம்பெனி இன்னும் இறுக்கித்தான் பிடிக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. நினைத்தபோது வேலை மாறும் உரிமை அவனுக்கு வந்தால்தான் உனக்கும் நல்லது.

சரி, கேடியை ஒழுங்காகக் கொடு. எதையும் மறைக்காதே. அந்தப் பெரியவர் கடைசி நாளில் தன் தாள்கட்டு முழுவதையும் என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அது இன்னும் என் அலமாரியில் இருக்கிறது, அடுத்த முறை வரும்போது காட்டுகிறேன்.

அப்புறம், அடுத்த மாத வாடகையை நான் அனுப்புகிறேன். வேண்டாம் என்று சொல்லாதே.

அன்புடன்,
அம்மா