டர்போ ஏன் போடலன்னு கேட்டியே

மச்சான்,

எப்படிடா இருக்க? வீட்டுல எல்லாரும் சௌக்கியம்தானே? உன் மெயில் வந்துச்சு, பாதிக்கு மேல திட்டுதான், டொயோட்டா ஜிடி86க்கு இவ்வளவு காசக் கொட்டியும் இன்னும் அதே 200 குதிரையோட சுத்துறியே, என்ஜினுக்குள்ள காத்த அமுக்கித் தள்ற டர்போ போட என்னடா தயக்கம்னு. தயக்கம்லாம் இல்ல, வேணாம்னு முடிவே பண்ணிட்டேன். ஏன்னு சொல்றேன், முழுசா படிச்சிட்டு அப்புறம் போன் போட்டு கத்து.

என் வண்டி எதுக்குன்னு உனக்கே தெரியும். வேலைக்கு இதுலதான் போறேன், டிராக் டே, அதான் ரேஸ் டிராக்ல நம்ம சொந்த வண்டிய ஓட்ட விடற நாள், அன்னைக்கு விடியக்காலைல கிளம்பி இதையேதான் ஓட்டிட்டு போறேன், பகல் முழுக்க மிதிச்சிட்டு சாயங்காலம் இதுலயேதான் திரும்பியும் வரணும், ட்ரெய்லரும் இல்ல, இழுத்துட்டு வர இன்னொரு வண்டியும் இல்ல. அதனால ஒரு பார்ட்டப் பாத்தா மொதல்ல நான் யோசிக்கறது, இது அங்க உடைஞ்சா நான் எப்படி வீட்டுக்கு வர்றதுன்னுதான். செகண்ட் கணக்கெல்லாம் அதுக்கப்புறம். இந்த ஒரு கேள்வியிலயே பாதி கேட்டலாக் அடிபட்டுப் போயிடுது.

டர்போவும் அப்படித்தான் அடிபட்டுச்சு. ஜிடி86ல இருக்கற அந்த எஃப்ஏ20, 86 மிமீ போர் (சிலிண்டர் அகலம்), 86 மிமீ ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கற தூரம்), கம்ப்ரஷன் 12.5 (உள்ள வர்ற காத்த அத்தன மடங்கு அமுக்கும்), டர்போ இல்லாம 7000 ஆர்பிஎம் வரைக்கும் இழுத்து ஓட்டுறதுக்குன்னே பண்ண என்ஜின். அந்த கம்ப்ரஷன் மேல பூஸ்ட்டையும், அதான் டர்போ தள்ற அழுத்தத்தையும், ஏத்துனா நாக் ஆகாம, அதாவது பெட்ரோல் கண்டபடி தானா வெடிக்காம, டியூன் பண்ண ரொம்ப கொஞ்ச இடம்தான் மிச்சம், கொஞ்சம் பேராசைப்பட்டா பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கற கனெக்டிங் ராடு போயிடும், சரி ராடு பிஸ்டன் மாத்திடலாம்னு என்ஜினப் பிரிச்சா அடுத்து கிளட்ச், அடுத்து கியர்பாக்ஸ், அடுத்து ரேடியேட்டர்னு அது பாட்டுக்கு இழுத்துக்கிட்டே போகும், வண்டி ஸ்டாண்டு மேலயே குடியிருக்கும். ரோட்டுல ஒரு தடவ மிதிச்சு சிரிக்கறதுக்கு டர்போ ஓகே, இருபது நிமிஷ செஷன் முழுக்க பூஸ்ட்லயே இருந்தா அந்த சூட்டக் கொண்டுபோய் எங்கடா வைக்கறது?

நீ சொன்ன குறை உண்மைதான், 3500லேர்ந்து 4500 ஆர்பிஎம் வரைக்கும் டார்க், அதான் என்ஜின் இழுக்கற தெம்பு, இறங்கி ஒரு குழி இருக்கும், கார்னர்லேர்ந்து வெளிய வரும்போது அங்க மாட்டுனா எரிச்சலா வரும். அதுக்கு ஹை ஃப்ளோ கேட்டலிஸ்ட் (புகைய சுத்தம் பண்றது, அடைக்காம தாராளமா விடற வகை) வச்ச ஹெடரும், அதான் என்ஜின்லேர்ந்து புகைய வாங்கற முதல் குழாயும், கம்ப்யூட்டர்ல ஒரு டியூனும் போட்டேன், குழி கிட்டத்தட்ட நிரவிடுச்சு. கேட்டலிஸ்ட்டே இல்லாத ஹெடர் போட்டா இன்னும் நல்லா இழுக்கும்தான், ஆனா ரோட்டுல ஓடற வண்டி, புகை டெஸ்ட் பாஸ் ஆகணும், நாத்தம் வேற. டொயோட்டாவே 2021ல ஜிஆர்86 கொண்டாந்தப்போ இந்த குறைக்கு டர்போவத் தேடிப் போகல, 2.4 லிட்டரா பெருசாக்கி 3700 ஆர்பிஎம்லயே 250 நியூட்டன் மீட்டர் வர வச்சிட்டாங்க.

டிராக்ல மொதல்ல கைய விரிக்கறது பிரேக்குடா, என்ஜின் இல்ல. ஆளோட சேத்து 1300 கிலோன்னு வச்சுக்க, 200 கிலோமீட்டர் வேகத்துல வந்து 80க்கு இறக்கற ஒரே ஒரு பிரேக்குல போற எனர்ஜி கிட்டத்தட்ட 17 லட்சம் ஜூல், அஞ்சு லிட்டர் பச்சத்தண்ணிய கொதிக்கற சூட்டுக்குக் கொண்டுபோக அது போதும். அத சில செகண்டுல பண்ணனும், அடுத்த கார்னர்ல திரும்பவும் பண்ணனும், காத்து ஒத்தாசை பண்றது கொஞ்சம்தான், மத்ததெல்லாம் டிஸ்க் தலைலதான் விழும். பேட்ட டிஸ்க் மேல அமுக்கற காலிப்பர், அதுல பெரிய கிட்டா வாங்குன்னு எல்லாரும் சொன்னாங்க, நான் வாங்கல. பிரேக் ஃப்ளூயிட், பேட், காத்து போக டக்ட் (குழாய்), இந்த மூணுதான்.

ஃப்ளூயிட் கதைய மட்டும் கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா நீ இத எப்பவும் அலட்சியமா விடற ஆளு. டாட் 4ங்கற தரத்து ஃப்ளூயிட் புதுசா இருக்கும்போது குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்கக்கூடாதுன்னு கணக்கு, அதே ஃப்ளூயிட் காத்துல இருக்கற ஈரத்த உறிஞ்சி 3.7 சதவீதம் தண்ணி சேந்துட்டா அந்த கணக்கு 155 டிகிரிக்கு இறங்கிடும். ரோட்டுல அந்த வித்தியாசமே தெரியாது. டிராக்ல கொதிச்சு ஆவிக்குமிழி வந்துச்சுன்னா பெடல் நேரா தரைக்குப் போயிடும், குமிழிய அழுத்தலாம் ஆனா வண்டிய நிறுத்த முடியாது. ரேஸ் ஃப்ளூயிட் 300 டிகிரிக்கு மேல தாங்கும், ஆனா அடிக்கடி மாத்தணும், நான் ஒவ்வொரு டிராக் டேக்கு முன்னாடியும் ப்ளீட் பண்ணிடறேன், அதாவது பழசையும் குமிழியையும் வெளிய தள்ளிப் புதுசு ஏத்திடறேன். சந்தேகத்துக்கு சொல்றேன், டாட் 5ன்னு ஒன்னு இருக்கு, அது சிலிக்கான், நம்பர் பெருசா இருக்கேன்னு ஊத்திடாத, ஏபிஎஸ் வண்டிக்கு ஆகாது, டாட் 5.1 வேற அது வேற.

பேட்ல சமரசமே கிடையாது. டிராக் பேட் சில்லுனு இருந்தா பிடிக்காது, காலைல ஆபீஸ் போற வழியில முதல் சிக்னல்ல நெஞ்சு பக்குங்கும், கீச்சு கீச்சுன்னு கத்தல் வேற. ரோட்டு பேட்ட டிராக்குக்கு கொண்டுபோனா ரெண்டாவது லேப்லயே புகை. ரெண்டுக்கும் ஆகற பேட்னு ஒன்னு விக்கறாங்க, ரெண்டுக்குமே ஆகாது. அங்க போய் ஜாக்கி போட்டு மாத்திக்கறேன், வர்றதுக்கு முன்னாடி திரும்ப மாத்தறேன், அவ்வளவுதான்.

ஆயிலும் இதே கதைதான், கூலர் இல்லாம ஓட்டுனா வெயில் காலத்துல ஆயில் சூடு 130 டிகிரியத் தாண்டிட்டு நிக்காம ஏறும். கூலர் போட்டேன், ஆயில் சூடாகற வரைக்கும் அத கூலருக்கு விடாத தெர்மோஸ்டாட் வச்ச அடாப்டரோட, அது இல்லன்னா தினசரி ஓட்டத்துல ஆயில் சூடே ஏறாது, அதுவும் என்ஜினுக்கு நல்லதில்ல.

டயர். இந்த வண்டி கம்பெனிலேர்ந்து வரும்போது 215 அகலத்துல மிச்சலின் ப்ரைமசி, மைலேஜுக்குன்னு வாங்கற ப்ரியஸுக்கும் அதே டயர் உண்டு தெரியுமா, வேணும்னேதான் போட்டாங்க, கம்மி வேகத்துலயே பின்பக்கம் வழுக்கி விளையாடட்டும்னு. ரோட்டுக்கு நான் கொஞ்சம் நல்ல டயர் போட்டுட்டேன், டிராக்குக்கு 245ல தனியா ஒரு செட். அத எப்படி கொண்டு போறேன்னு கேப்ப, பின் சீட்ட மடிச்சா நாலு வீலும் உள்ளயே போயிடும், டிசைன் பண்ணும்போதே இத மனசுல வச்சுத்தான் பண்ணாங்க, பின் சீட்டுல மனுஷன் உக்கார முடியலன்னு கிண்டல் பண்றவன்லாம் இதப் பேசமாட்டான். காத்துல ஒரு விஷயம் கவனி. காலைல 28 பிஎஸ்ஐ வச்சா டயர் சூடானதும் 34 கிட்ட வந்துடும், அதனால பிட்டுல இறக்கி இறக்கி சரி பண்ணுவோம், அத மறந்து அப்படியே ஊரு திரும்புனா ஆறுனப்பறம் காத்து ரொம்ப கம்மியா நிக்கும், ஹைவேல அது ஆபத்து. கையோட ஒரு சின்ன கம்ப்ரஸர் வச்சுக்க.

அலைன்மென்ட்டுல முன்பக்கம் டாப் மவுன்ட், அதான் சஸ்பென்ஷனோட மேல் பிடி, மாத்திப் போட்டு நெகட்டிவ் கேம்பர் (வீலோட தலை உள்பக்கம் சாயறது) ரெண்டரை டிகிரி வச்சிருக்கேன். டயர் உள்பக்கம் தேஞ்சு போகும்னு பயமுறுத்துவாங்க, டயரத் தின்றது பெரும்பாலும் டோதான் (மேலேர்ந்து பாத்தா வீல் உள்ளயோ வெளியவோ திரும்பியிருக்கற கோணம்), டோவ நேரா வச்சா கேம்பர் அவ்வளவு கேடு பண்ணாது. மவுன்ட்ல பேரிங் இருக்கறதால பள்ளத்துல டொக்கு டொக்குன்னு சத்தம் வருது, பொண்டாட்டி தினம் ஒரு கமென்ட் விடறா, அத தாங்கிக்கலாம்.

எக்ஸாஸ்ட் பத்தி சொல்ல ஒன்னுமில்ல, டிராக்ல டெசிபல் லிமிட் இருக்கு, நீண்ட தூரம் ஓட்டுனா ட்ரோன்னு சொல்ற ஒரே மாதிரி ரீங்காரம் மண்டையப் பொளக்கும், பழைய மஃப்ளரே இருக்கட்டும்.

பக்கெட் சீட் போட்டேன், ஹார்னஸ், அதான் ரெண்டு தோளையும் கட்டற ரேஸ் பெல்ட், போடல. அதுக்கும் திட்டுவ, தெரியும். ஹார்னஸ் உடம்ப நிமித்தி இறுக்கிப் பிடிக்கும், வண்டி உருண்டு கூரை உள்ள அமுங்குனா சாஞ்சு தப்பிக்க வழியில்ல, அதனால கூரையத் தாங்கற இரும்புக் கம்பி, ரோல் பார், இல்லாம ஹார்னஸ் போடவே கூடாது. சரி ரோல் பாரும் போடலாம்னா, தினசரி ஹெல்மெட் இல்லாம ஓட்டும்போது பின்னாடிலேர்ந்து எவனாவது இடிச்சா நம்ம மண்டை அந்த கம்பில போய் மோதும். ஆக கம்பெனி பெல்ட்டும் ஏர்பேக்கும் அப்படியே இருக்கு.

இப்ப உன் மாஸ்டா மியாட்டாவுக்கு வர்றேன். உனக்கு டர்போ வேணாம்னு நான் சொல்லமாட்டேன்டா. 1.6 பி6 என்ஜின், கம்ப்ரஷன் 9.4தான், இதே குடும்பத்துல மாஸ்டாவோட 323 ஜிடிஎக்ஸ் வண்டிக்கு டர்போவோடயே பண்ணிருக்காங்க, வண்டியும் ஒரு டன்னுக்குக் கீழ. ஆனா கிட் ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி கூலன்ட் ரீரூட் பண்ணு, அதாவது என்ஜினக் குளிர வைக்கற தண்ணி போற வழிய மாத்து. அந்த என்ஜின் குறுக்கால நிக்கற முன்வீல் வண்டிக்குப் பண்ணது, மியாட்டாவுல நெடுக்க வைக்கும்போது தண்ணி வெளிய வர்ற வழியையும் முன்பக்கமே மாத்திட்டாங்க, கடைசி சிலிண்டருக்கு சரியா தண்ணி போகாது, பூஸ்ட் ஏத்துனா மொதல்ல வேகறது அதுதான். அப்புறம் 1.6ல வர்ற 6 இன்ச் டிஃப் (பின்வீலுக்கு சக்தியப் பிரிச்சுக் குடுக்கற கியர்) டர்போ டார்க்க ரொம்ப நாள் தாங்காது, 1.8ல வர்ற 7 இன்ச்சு ஒன்னு கெடச்சா விடாத.

எல்லாத்துக்கும் மேல, உன்னுது ஆரம்ப கால வண்டி, முன்முனை குட்டையான ஷார்ட் நோஸ் கிராங்க்ஷாஃப்டா இருந்தா வம்பு, புல்லியப் பிடிச்சு வைக்கற கீவே (காடி) தேஞ்சு புல்லி ஆட ஆரம்பிச்சிடும். கிராங்க் புல்லில நாலு ஸ்லாட்டா எட்டா பாரு, நாலுன்னா ஷார்ட் நோஸ். இந்த வாரமே என்ஜின ஓட விட்டு புல்லி ஆடுதான்னு ஒரு வீடியோ எடுத்து அனுப்பு, அதப் பாத்துட்டு எந்த டர்போ, எவ்வளவு பூஸ்ட்டுன்னு பேசலாம்.

வைக்கட்டுமா மச்சான்,
உன் பழைய கூட்டாளி