கடைசிப் பதிப்பையும் ஒரு வெளியீடாக மதியுங்கள்

திறமூல (ஓப்பன் சோர்ஸ்) மென்பொருள்களைப் பராமரிப்பவர்களுக்கு,

வணக்கம். பழைய இயங்குதளங்களுக்கான ஆதரவை ஒரு கட்டத்தில் நிறுத்தித்தான் ஆகவேண்டும். அதில் எனக்கு உங்களோடு சண்டை இல்லை. நிறுத்துகிற விதம் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

விண்டோஸ் 7-ஐ எடுத்துக்கொள்வோம். 2009 அக்டோபரில் வந்தது. 2020 ஜனவரி 14-ஓடு மைக்ரோசாஃப்ட் பொதுவான பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்தியது. பணம் கட்டிய நிறுவனங்களுக்கு மட்டும் 2023 ஜனவரி வரை கொடுத்தது. உருவாக்கியவர்களே கைவிட்டதை, சம்பளமில்லாமல் வேலை முடிந்த நேரத்தில் நிரல் எழுதுகிறவர் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்பது அநியாயம். பல நேரங்களில் முடிவு உங்கள் கையிலும் இல்லை. பைத்தான் என்ற நிரல் மொழியின் 3.9 பதிப்பு விண்டோஸ் 7-இல் ஓடாது. கோ என்ற இன்னொரு நிரல் மொழியின் 1.21 பதிப்பு குறைந்தது விண்டோஸ் 10-ஐக் கேட்கிறது, நிரல்களின் திரைகளை அமைக்க உதவும் க்யூட்டி 6 கருவித்தொகுப்பும் அப்படித்தான். அடியில் இருக்கும் கருவி விலகிவிட்டால் மேலே இருக்கும் மென்பொருள் என்ன செய்யும்?

ஆனால் அந்தப் பக்கம் இருப்பவரையும் கொஞ்சம் பாருங்கள். பயனர்கள் அனுப்பும் வழு (பிழை) அறிக்கைகளுக்குக் கீழே “இன்னுமா இதை வைத்திருக்கிறீர்கள்?” என்று எழுதுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கிறது. ஒரு ஆய்வுக் கருவியைக் கணினியோடு பேசவைக்கும் டிரைவர் நிரல் அந்தப் பழைய இயங்குதளத்துக்கு மட்டுமே எழுதப்பட்டிருக்கும். அதைத் தயாரித்த நிறுவனம் அந்த மாடலையே மறந்திருக்கும். கணினியை மாற்றினால் கருவியையும் மாற்ற வேண்டும். அந்த முடிவை எடுக்கிற அதிகாரம் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவரிடம் இருக்காது.

அவருக்கு என்ன நடக்கிறது தெரியுமா? நேற்று வரை ஓடிய நிரல், தானாகப் புதுப்பித்துக்கொண்ட பிறகு திறக்க மறுக்கிறது. ‘கெட்சிஸ்டம்டைம்பிரிசைஸ்ஆஸ்ஃபைல்டைம்’ என்ற செயற்கூற்றை, அதாவது விண்டோஸ் மற்ற நிரல்களுக்குத் தரும் ஒரு சிறு வசதியை, ‘கெர்னல்32’ கோப்பில் காணவில்லை என்று ஒரு பெட்டி மட்டும் வருகிறது. அந்தச் செயற்கூறு விண்டோஸ் 8-இல்தான் வந்தது என்பது உங்களுக்குத் தெரியும். அவருக்கு எப்படித் தெரியும்? கணினி கெட்டுவிட்டது என்றே நினைப்பார். சரி, பழைய பதிப்பையே போட்டுக்கொள்ளலாம் என்று தேடினால் உங்கள் தளத்தில் அது இல்லை. அப்புறம், பெயர் தெரியாத ஏதோ ஒரு பதிவிறக்கத் தளத்தில், யார் கை வைத்தது என்றே தெரியாத ஒரு நிறுவல் கோப்பை எடுக்கிறார். பாதுகாப்பைக் காரணம் காட்டி ஆதரவை நிறுத்திய நாமே அவரை அங்கே அனுப்பிவைக்கிறோம். என் கவலை முழுவதும் இந்த இடத்தில்தான்.

இதை நன்றாகச் செய்தவர்கள் இருக்கிறார்கள். விண்டோஸ் 7, 8-இல் ஓடும் கடைசிப் பதிப்பு இதுதான் என்று கோ 1.20-இன் வெளியீட்டுக் குறிப்பிலேயே எழுதிவிட்டார்கள். ஃபயர்ஃபாக்ஸ் இன்னும் ஒரு படி மேலே போனது: அந்தக் கணினிகளில் இருந்தவர்களை 115-ஆம் பதிப்பின் நீண்டகால ஆதரவுக் கிளைக்கு (புது வசதிகள் இல்லாமல் திருத்தங்கள் மட்டும் பெறும் தனி வரிசை) தானாகவே மாற்றி, பாதுகாப்புத் திருத்தங்களைத் தொடர்ந்து அனுப்பியது. ரஸ்ட் நிரல் மொழியின் 1.78 பதிப்பில் வழக்கமான விண்டோஸ் இலக்குகள் (எந்த இயங்குதளத்துக்காக நிரலை உருவாக்குவது என்ற தேர்வுகள்) விண்டோஸ் 10-க்கு நகர்ந்தபோது, விண்டோஸ் 7 தேவைப்படுகிறவர்களுக்கென்று தனி இலக்கு ஒன்று இருந்தது.

எல்லோராலும் ஃபயர்ஃபாக்ஸ் மாதிரிச் செய்ய முடியாது, தெரியும். நான் கேட்பது அதைவிடச் சின்னது. எந்தப் பதிப்போடு நிறுத்தப்போகிறீர்கள் என்பதை ஒரு வெளியீட்டுக்கு முன்பே சொல்லுங்கள். அந்தப் பதிப்பில் தெரிந்த பெரிய வழுக்களைத் திருத்திவிட்டு, அதன் நிறுவல் கோப்பையும், கோப்பு மாற்றப்படவில்லை என்று உறுதிசெய்ய உதவும் சரிபார்ப்புத் தொகையையும் பதிவிறக்கப் பக்கத்திலேயே எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி வையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஓடிக்கொண்டிருக்கும் நிரலை அழித்துவிட்டு ஓடாத ஒன்றை வைக்கிற அளவுக்கு உங்கள் புதுப்பிப்பான் போகக் கூடாது. இயங்குதளத்தின் பதிப்பைப் பார்த்துவிட்டு நின்றுகொள்ள அதற்குச் சில வரி நிரல் போதும். பழைய கிளைக்கு யாராவது பேட்ச் (நிரல் திருத்தம்) அனுப்ப முன்வந்தால், அந்தக் கிளையை அவரிடமே ஒப்படைக்க முடியுமா என்றும் யோசியுங்கள்.

இதை இப்போது எழுதக் காரணம் விண்டோஸ் 10. அதற்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. தனிநபர்களுக்கான பாதுகாப்புத் திருத்த நீட்டிப்பை மைக்ரோசாஃப்ட் முதலில் ஓராண்டுக்குத்தான் அறிவித்தது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வசதி இல்லாததாலோ, கணினியின் ப்ராசசர் மைக்ரோசாஃப்ட்டின் பட்டியலில் இல்லாததாலோ விண்டோஸ் 11-க்கு முறைப்படி போக முடியாத கணினிகள் ஏராளம். அவற்றில் பல இன்னும் நன்றாகவே ஓடுகின்றன. லினக்ஸுக்கு மாறுகிறவர்கள் மாறட்டும், எனக்கு மகிழ்ச்சிதான். மாற முடியாதவர்கள் உங்கள் மென்பொருளோடுதான் இருப்பார்கள். விண்டோஸ் 10-ஐ எதுவரை, எந்தப் பதிப்பு வரை தாங்குவீர்கள் என்பதை உங்கள் குழுவில் இப்போதே பேசி, அடுத்த வெளியீட்டுக் குறிப்பில் எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மென்பொருள்களை நம்பி வேலை செய்யும் ஒருவன்