திரும்பி வரும் வெல்டருக்கு இங்கே ஒரு சோதனைக்கூடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டு வேலை என்ற பேச்சு எழுந்தாலே வந்து சேரும் பணத்தைத்தான் எண்ணுகிறோம். 2023-24இல் இந்தியாவுக்கு வந்த அந்தப் பணத்தில் தமிழ்நாட்டின் பங்கு 10.4 விழுக்காடு என்கிறது ரிசர்வ் வங்கியின் ஆய்வு. ராமநாதபுரம் மாவட்டத்தின் கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி வட்டாரங்களில் அது வீடாகவும் பிள்ளைகளின் படிப்பாகவும் நிற்கிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சபராளி (பிழைக்க வெளிநாடு போய் வருபவர்) பணத்தோடு கொண்டுவரும் கைத்தொழில், இந்தக் கடற்கரையில் இறக்கிவைக்க இடமின்றி வீணாகிறது.

வெல்டிங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். வளைகுடாவில் எண்ணெய்க் குழாய் வேலைக்குப் போகிறவர் பெரும்பாலும் 6ஜி தேர்வில் தேற வேண்டும். குழாயை 45 டிகிரி சாய்த்து அசையாமல் நிறுத்திவிடுவார்கள். வெல்டர்தான் அதைச் சுற்றி வர வேண்டும். ராடு (உருகி இணைப்பை நிரப்பும் வெல்டிங் குச்சி) பிடிக்கும் கோணம் நொடிக்கு நொடி மாறும். ரூட் எனப்படும் முதல் அடுக்கு உள்பக்கம் வரை இறங்காவிட்டால் எக்ஸ்ரேயில் கோடாகக் காட்டிவிடும்.

ராடு விஷயம் இன்னும் கண்டிப்பு. 7018 என்ற வகை ராடின் மேல்பூச்சு காற்றின் ஈரத்தை உறிஞ்சும். அதனால் டப்பாவை உடைத்ததும் 120 டிகிரி செல்சியஸ் அடுப்பில் வைத்து, தேவைக்கு மட்டும் எடுத்துத் தருவார்கள். வெளியே 4 மணி நேரத்துக்கு மேல் கிடந்துவிட்டால் 260 டிகிரிக்குக் குறையாத சூட்டில் 2 மணி நேரம் மறுபடி சுட வேண்டும். ஈர ராடில் போட்ட வெல்டில் ஹைட்ரஜன் புகுந்து, ஆறிய பிறகு, சில வேளை மறுநாள்கூட, விரிசல் விடும். அங்கே இது அன்றாட ஒழுங்கு. இங்கே கடலோரப் பட்டறைகளில் ராடு பாக்கெட் பிரித்தபடி உப்புக்காற்றில் கிடக்கிறது. ஊர் திரும்பிய வெல்டருக்கு இது தப்பென்று தெரியும். ஆனால் அடுப்பு இல்லை. அடுப்பு கேட்கும் முதலாளியும் இல்லை.

அடுத்தது தாள், அதாவது சான்று. அமெரிக்க எந்திரப் பொறியாளர் சங்கத்தின் (ஏ.எஸ்.எம்.இ.) விதிகளின் 9ஆம் பிரிவுப்படி வெல்டருக்குத் தேர்வு வைத்துத் தகுதி தருவது வேலை கொடுக்கும் நிறுவனம். நிறுவனம் மாறினால் பொதுவாக மறுதேர்வு. ஒரு வெல்டிங் முறையை 6 மாதம் தொடவில்லை என்றால் அந்த முறைக்கான தகுதியும் போய்விடும். ஆகவே எக்சிட் அடிக்கும் (வேலையை முடித்து அந்த நாட்டை விட்டுக் கிளம்பும்) முன்பே தேர்வுச் சான்றின் நகல், எக்ஸ்ரே முடிவுகள், எப்போதெல்லாம் பற்றவைத்தார் என்று காட்டும் தொடர்ச்சிப் பதிவேடு, எந்த உலோகம், என்ன கனம், எந்த நிலை என்று விவரமாக எழுதிய அனுபவக் கடிதம் எல்லாவற்றையும் கேட்டு வாங்கிவிட வேண்டும். இகாமா என்ற குடியிருப்பு அட்டையில் ‘ஆமில்’ (கூலித் தொழிலாளி) என்றிருக்க, வெல்டராக உழைத்தவருக்கு அந்தக் கடிதத்தை விட்டால் வேறு ஆதாரமே கிடையாது. விமானம் ஏறிய பிறகு கேட்டால் பதில் வருவது அரிது.

பட்டறை வைக்க முதல் வேண்டும் என்பவர்கள் பணிக்கொடையையும் கணக்குப் பார்க்க வேண்டும். அமீரகத்தில் முதல் 5 ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதன்பின் 30 நாள். அடிப்படையைக் குறைத்துப் படியைக் கூட்டி எழுதிய ஒப்பந்தமானால் தொகை சுருங்கிவிடும். கையெழுத்திடும் முன்பே பார்க்க வேண்டியது இது.

இங்கே வேலைக்குப் பஞ்சமில்லை. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்தின் இணைப்புகள் முழுக்க வெல்டிங் செய்தவை. அந்த உப்புக்காற்றில் பராமரிப்பு ஓயவே ஓயாது. இழுவைமடியை விட்டு ஆழ்கடல் சூரைமீன் பிடிப்புக்கு மாற, 2017இல் படகு ஒன்றுக்கு 80 லட்சம் ரூபாய் மதிப்பில் திட்டம் வந்தது. மத்திய அரசு 50, மாநில அரசு 20, வங்கிக் கடன் 20, மீனவர் 10 விழுக்காடு. கடன் சுமக்கும் மீனவரின் இரும்புப் படகைப் பழுதுபார்க்கத் தேர்ந்த கை வேண்டாமா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் ஒரே மூச்சில் கரையேறும். அவசரத்தில் அரித்த தகட்டின் மேலேயே புதுத் தகட்டை ஒட்டவைத்துவிடுகிறார்கள். இரண்டுக்கும் நடுவே தண்ணீர் தங்கி உள்ளுக்குள் அரிப்பு தொடரும். அரித்த பகுதியை நல்ல இரும்பு வரை வெட்டி எடுத்து, மூலைகளை வளைவாக்கிய தகட்டைச் செருகிப் பற்றவைப்பதுதான் முறை. மூலை கூராக இருந்தால் விரிசல் அங்கிருந்தே கிளம்பும். கப்பல் பட்டறைகளில் வேலை பார்த்துத் திரும்பியவர்களுக்கு இது கைவந்த வேலை.

அரசிடம் கேட்பது பெரிதல்ல. மாவட்டத்து அரசு ஐ.டி.ஐ. ஒன்றில் மாலை நேரச் சோதனைக்கூடம்: ராடு அடுப்பு, குழாய் முனை சீவும் எந்திரம், பற்றவைத்த துண்டை வளைத்து விரிசல் பார்க்கும் வளைவுச் சோதனைக்கு ஒரு ஹைட்ராலிக் அழுத்தி. எக்ஸ்ரேயை வெளியே கொடுத்து எடுக்கலாம். திரும்பியவர்கள் 6 மாதத்துக்குள் ஒருமுறை வந்து பற்றவைத்துப் பதிவேட்டில் ஏற்றிக்கொள்ளட்டும். முன்அனுபவத்தை அங்கீகரிக்கும் குறுகிய காலச் சான்றிதழ்கள் இப்போதும் உண்டு. முதல் தாளாக அவை நல்லவைதான், ஆனால் வளைவுச் சோதனைக்கு ஈடாகாது. மீன்வளத் துறையும் துறைமுகப் பணிகளும் தங்கள் ஒப்பந்தங்களில் இந்தப் பதிவேட்டில் உள்ள வெல்டரைக் கட்டாயமாக்க வேண்டும். அது இல்லாமல் கூடம் திறந்தால் ஓராண்டில் பூட்டிவிடுவார்கள்.

அடுத்த ஏப்ரல் 15க்குள் கூடம் தயாரானால், முதலில் தேறும் வெல்டர்களை அந்தத் தடைக்காலத்திலேயே ராமேசுவரம், மண்டபம் படகுகளில் வேலைக்கு இறக்கலாம்.

இப்படிக்கு,
வெல்டிங் பயிற்றுநர்கள்,
கீழக்கரை.