பேச்சு அதிகம் என்பது ஒரு குறையா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் நூல் மதிப்புரையில், இப்போது வரும் நாவல்களில் கதை நகர்வதே இல்லை, எல்லாரும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள் என்று எழுதியிருந்தார்கள். சமீபத்தில் நான் அடுத்தடுத்துப் படித்த இரண்டு நாவல்களும் அப்படிப்பட்டவைதான், அந்தப் பேச்சுக்காகவே எனக்கு அவை பிடித்தன என்பதால் இதை எழுதுகிறேன்.

ஒன்று இமையத்தின் ‘செல்லாத பணம்’. 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது. இன்ஜினியரிங் படித்த ரேவதி, வீட்டில் எவ்வளவோ சொல்லியும் கேட்காமல் ஆட்டோ ஓட்டுகிற ரவியைக் கல்யாணம் செய்துகொள்கிறாள், பிறகு ஒருநாள் உடம்பெல்லாம் வெந்து புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் தீக்காயப் பிரிவில் கிடக்கிறாள். கதை என்று பார்த்தால் இவ்வளவுதான். மற்றதெல்லாம் வார்டுக்கு வெளியே காத்துக் கிடக்கிற அப்பா நடேசன், அம்மா அமராவதி, அண்ணன் முருகன், அண்ணி அருண்மொழி, அங்கே வந்துபோகிற சனங்கள் பேசுகிற பேச்சு. எங்கள் கடலூர்ப் பக்கத்தில் யாருக்காவது உயிர்போகிற நிலைமை என்றால் ‘ஜிப்மருக்குக் கொண்டுபோங்க’ என்பதுதான் முதலில் வாயில் வரும். அந்த வாசலில் ராத்திரி தங்கியவர்களுக்கு இந்த நாவலில் எதுவும் மிகையாகத் தெரியாது. சொன்னதையே சொல்லிப் புலம்புகிறார்கள், நடுவில் கொஞ்சம் நீளம்தான், அதை நானும் மறுக்கவில்லை. ஆனால் கையில் பணம் இருந்தும் பெற்ற பெண்ணைக் காப்பாற்ற முடியாமல் நிற்கிறவர்கள் வேறு என்னதான் செய்வார்கள்?

அப்புறம் ரவி. அவனைத் திட்டிக்கொண்டேதான் படித்தேன். அருண்மொழியிடம் அவன் தன் பக்கத்தைச் சொல்லத் தொடங்கியதும் எனக்குப் படிப்பதே சிரமமாகிவிட்டது. அவன் செய்தது சரி என்று ஒரு வரிகூட எனக்குத் தோன்றவில்லை, ஆனாலும் அவனையும் பேச விட்டு, நடுவில் வந்து தீர்ப்புச் சொல்லாமல் ஒதுங்கி நிற்கிறார் இமையம். கதையை வேகமாக நகர்த்தியிருந்தால் ரவி வெறும் வில்லனாகத்தான் மிஞ்சியிருப்பான்.

இன்னொன்று தேவிபாரதியின் ‘நீர்வழிப் படூஉம்’, 2023க்கான விருது பெற்றது. கொங்குப் பகுதிக் குடிநாவிதர் குடும்பம், மனைவி விட்டுப்போன பிறகு ஒண்டியாகிப்போன காரு மாமா, அவர் சாவுக்கு வந்து சேர்கிற சொந்தங்கள். இதில் பேச்சு பெரும்பாலும் நினைவாகத்தான் வருகிறது, ஒருவர் ஒன்றைத் தொட்டால் அது பத்து இருபது வருஷம் பின்னால் போய்த்தான் நிற்கிறது. யார் யாருக்கு என்ன முறை என்று பிடிபடக் கொஞ்ச நேரம் ஆகிறது, பொறுமையாகப் படிக்க வேண்டும். ஊரில் எந்த வீட்டில் நல்லது கெட்டது நடந்தாலும் போய் நிற்க வேண்டிய குடும்பங்கள் இவை. இந்த நாவலில் அவர்கள் வீட்டுச் சாவை அவர்களே உட்கார்ந்து பேசித் தீர்க்கிறார்கள். இதில் ‘சம்பவம் எங்கே’ என்று கேட்பவர்களிடம் என்ன சொல்ல? அந்தப் பேச்சுதான் சம்பவம்.

ஒரு வேண்டுகோள். அடுத்த முறை நாவலுக்கு ஒரு பக்கம் ஒதுக்கினால், கதைச் சுருக்கத்தைக் குறைத்துக்கொண்டு, பாத்திரங்கள் பேசுகிற ஒரு பத்தியை அப்படியே எடுத்துப் போடச் சொல்லுங்கள். வாங்குவதா வேண்டாமா என்பதை அதைப் படித்துவிட்டு நாங்களே முடிவுசெய்துகொள்கிறோம்.

அன்புடன்,
ஒரு வாசகி,
பண்ருட்டி.