ஐ.பி. முகவரியில் ஊர்ப்பெயர் இல்லை

ஆசிரியருக்கு,

'கொழும்பிலிருந்து உங்கள் கணக்கினுள் நுழைந்துள்ளனர்' என்ற அறிவித்தல் கைத்தொலைபேசியில் வந்ததும் கல்லடியில் இருப்பவர் கொழும்பில் உள்ள உறவினரைச் சந்தேகிக்கிறார். பல நேரங்களில் அப்படி நுழைந்தவர் அவரேதான். இந்தக் குழப்பத்தால் வீண் பகை வளர்வதால் எழுதுகிறேன்.

065 மட்டக்களப்பு, 063 அம்பாறை, 067 கல்முனை. வீட்டுத் தொலைபேசி இலக்கத்தில் ஊர் இருக்கிறது. இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணான ஐ.பி. முகவரியில் இல்லை. அறிவித்தலில் வரும் ஊர், அந்த எண்ணை வைத்து ஊகித்ததுதான். ஆசிய பசிபிக் பிராந்தியத்துக்குப் பொறுப்பான ஏப்னிக் அமைப்பு முகவரிகளைத் தொகுதி தொகுதியாக ஒதுக்குகிறது. அவற்றைப் பெறும் இணைய நிறுவனம் நாடெங்கும் தன் வசதிப்படி பகிர்கிறது. இன்று வாழைச்சேனையில் உள்ள முகவரி நாளை மாத்தறையில் இருக்கலாம். ஊர் காட்டும் தளங்கள் பதிவு விபரத்தையும் வேறு சில தடயங்களையும் வைத்து ஊகிக்கின்றன. ஊகிக்க முடியாவிட்டால் நாட்டின் நடுப்புள்ளி. இப்படி ஓர் அமெரிக்க நிறுவனம் ஏறத்தாழ 60 கோடி முகவரிகளைக் கான்சாஸ் மாநிலத்தின் ஒரு பண்ணை வீட்டுக்கருகே குறித்து வைத்திருந்தது. செய்யாத குற்றங்களுக்காக அந்த வீட்டைத் தேடிப் பொலிஸார் போனது 2016இல் வெளிவந்தது.

அப்படியானால் அகலாங்கு நெட்டாங்கையே முகவரியாக்கலாமே என்று கேட்கலாம். 1996இல், ஆர்.எஃப்.சி. எனும் இணையத் தொழில்நுட்ப ஆவண வரிசையின் 2009ஆம் இலக்க ஆவணம் அப்படியொரு யோசனையை முன்வைத்தது. ஆனால் தரவு நிலத்தைப் பார்த்து ஓடுவதில்லை. கேபிளையும் நிறுவனங்களுக்கிடையிலான ஒப்பந்தத்தையும் பார்த்தே ஓடுகிறது. ஆரையம்பதியில் மதில் ஒன்றால் பிரிந்த இரு வீடுகள் வெவ்வேறு நிறுவனங்களின் இணைப்பில் இருந்தால், ஒன்று மற்றொன்றுக்கு அனுப்பும் படம் பெரும்பாலும் கொழும்பு போய்த்தான் திரும்பும். போக வர 600 கிலோமீற்றருக்கு மேல். ஊர்வாரி முகவரி வேண்டுமென்றால் எல்லா நிறுவனங்களும் மட்டக்களப்பிலேயே ஒன்றோடொன்று இணைந்து, அடுத்தவரின் வாடிக்கையாளருக்கான தரவையும் சுமக்க வேண்டும். அந்தச் செலவு யாருடையது என்ற இடத்தில்தான் இத்தகைய யோசனைகள் இடறுகின்றன.

இதைவிடச் சிக்கலானது முகவரிப் பகிர்வு. உங்கள் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் டபிள்யூ.ஏ.என். முகவரியை, அதாவது நிறுவனம் ரவுட்டருக்குத் தந்த முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரையான ஏதாவதொன்றில் தொடங்கினால், வெளியில் தெரியும் ஒரே முகவரியைப் பல வீடுகள் பயன்படுத்துகின்றன. அப்போது முகவரி மட்டும் எந்த வீட்டையும் காட்டாது. முகவரி, ஒரே முகவரியில் போகும் இணைப்புகளைப் பிரித்தறியும் போர்ட் இலக்கம், வினாடி வரை துல்லியமான நேரம் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் நிறுவனத்தின் பதிவேட்டில் ஆளைத் தேட முடியும்.

ஆகவே பாடசாலை, சங்கம், கடை என்று யார் இணையத்தளம் நடத்தினாலும், தளத்துக்கு வருவோரைக் குறித்துவைக்கும் சர்வர் பதிவில் (access log) போர்ட் இலக்கத்தையும் சேர்க்கும்படி வடிவமைப்பாளரிடம் கேளுங்கள். வழமையான அமைப்பில் அது பதிவாகாது. நேர வலயத்தையும் எழுதுங்கள். இங்கே நள்ளிரவு கடந்து 12.40 மணி என்பது, உலகப் பொது நேரத்தில் (யூ.டி.சி.) இயங்கும் சர்வரில் முந்தைய நாள் மாலை 7.10. திகதி மாறினால் முறைப்பாடு சம்பந்தமே இல்லாதவரின் வாசலில் போய் நிற்கும்.

இணைய நிறுவனங்களுக்கும் வேலை உண்டு. எந்த முகவரித் தொகுதி எந்த மாவட்டத்தில் என்பதை ஆர்.எஃப்.சி. 8805 முறையில் ஒரு கோப்பாக வெளியிடலாம். அதில் எழுத வேண்டிய மாவட்டக் குறியீடு மட்டக்களப்புக்கு எல்.கே-51, அம்பாறைக்கு எல்.கே-52. தொகுதிக்கு ஒரு வரி போதும். அதற்கு முதலில் மாவட்டத்துக்கெனத் தொகுதியைப் பிரித்து வைக்க வேண்டும். கைத்தொலைபேசி இணைப்புகளில் அது கடினம், வீட்டு ஃபைபர் இணைப்புகளில் இயலும்.

வலையமைப்புத் தொழில்நுட்பவியலாளர்,
கல்லடி, மட்டக்களப்பு.