அந்த ஜாடிக்காக ஒரு நன்றி

கர்த்தருக்குள் அன்பான சபையாருக்கும் எங்கள் உறவுகளுக்கும்,

அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார்கள். நடந்தது எல்லாம் உங்களுக்குத் தெரியும். அதைத் திரும்ப எழுத எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. நன்றி சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

இரத்தம் கொடுத்த வாலிபர்கள், இரவெல்லாம் மாறி மாறிக் கூட இருந்த சித்திகள், மாமா, சாப்பாடு கொண்டுவந்தவர்கள், ஆராதனைதோறும் அம்மாவின் பெயரைச் சொல்லி ஜெபித்த போதகர் ஐயா, எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொருவரையும் நேரில் பார்த்துக் கையைப் பிடித்துச் சொல்வேன்.

ஆனால் அந்த ஜாடியைப் பற்றி இங்கேயே சொல்லியாக வேண்டும்.

நள்ளிரவு ஆராதனை முடிந்து நாம் எல்லோரும் சாப்பிடும் அம்மாவின் கிறிஸ்துமஸ் கேக்குக்கு, கிறிஸ்துமஸுக்கு ஆயத்தப்படும் அட்வென்ட் காலம் தொடங்குவதற்கு முந்தின ஞாயிறன்றுதான் பழங்களை ஜாடியில் ஊறவைப்பார்கள். ஜனங்களின் மனதை எழுப்பிவிடும்படி கர்த்தரைக் கேட்கும் ஜெபம் அந்த ஞாயிறுக்கு உரியது. 1549-இல் வந்த இங்கிலாந்துத் திருச்சபையின் (ஆங்கிலிக்கன்) ஜெப புத்தகத்திலேயே அது இருக்கிறது. ஆங்கிலத்தில் அதன் தொடக்கச் சொல்லுக்குக் கிளறு என்றும் பொருள் உண்டு. அதனால் அந்த நாளுக்கே 'கிளறும் ஞாயிறு' என்று பெயர் வந்துவிட்டது.

இந்த வருஷமும் கலந்து வைத்தார்கள். மூன்றாம் நாள் எல்லாம் மாறிப்போனது. அப்புறம் கேக்கை யார் நினைத்தார்கள்?

ஓய்வுநாள் பள்ளி அக்கா நினைத்திருக்கிறார்கள். சித்தியிடம் கேட்டு ஜாடியைத் தன் வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறார்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை திறந்து, மேலே காய்ந்த பழம் முங்கும்படி அடியோடு கிளறி, வற்றினால் இரண்டு கரண்டி திராட்சை ரசம் விட்டு, நாங்கள் மறந்தே போன ஒன்றை வாரக்கணக்கில் பாதுகாத்து வந்திருக்கிறார்கள்.

கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் முன்னால் ஜாடியோடு வந்து நின்றார்கள். "நானே சுட்டிருப்பேன். அம்மா கை படாமல் அது எப்படி அந்தக் கேக் ஆகும்? அதான் அப்படியே கொண்டுவந்தேன்" என்றார்கள்.

சுட்டுக் கொண்டுவந்திருந்தாலும் நன்றியோடு சாப்பிட்டிருப்போம். ஆனால் அம்மா அடுப்பங்கரைப் பக்கம் வந்திருக்க மாட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது முதல் சுவரைப் பார்த்தே படுத்திருந்தார்கள். அன்று மூடியைத் திறந்ததும் ஆரஞ்சுத் தோல் வாசம் அறை வரைக்கும் போயிருக்க வேண்டும். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போடச் சொன்னார்கள்.

சர்க்கரையை நான்தான் கருக்கினேன். பொன்னிறம் தாண்டிக் கருஞ்சிவப்பாகி, ஓரத்தில் லேசாகப் புகை எழுந்தது. ஒரு நொடி தவறினால் கேக் முழுக்கக் கசந்துவிடும். "இப்ப ஊத்து!" என்றார்கள். அதே பழைய அதட்டல். வெந்நீர் விட்டதும் பாத்திரம் சீறியது. எனக்குக் கண் மறைத்தது.

மாவில் பழத்தைக் கொட்டியதும் கரண்டியைக் கையில் வாங்கி, குழந்தை இயேசுவைக் காண சாஸ்திரிகள் வந்த திசையென்று எப்போதும் சொல்வதுபோல, கிழக்கிலிருந்து மேற்காக மூன்று சுற்று கிளறினார்கள். கை நடுங்கியது. அதற்குமேல் முடியவில்லை. எங்களுக்கு அந்த மூன்று சுற்று போதும்.

அக்கா, இனி எங்கள் வீட்டில் பழம் கலக்கும் ஞாயிறு நீங்கள் இல்லாமல் நடக்காது. முதல் கேக் உங்கள் வீட்டுக்குத்தான், நான் இருக்கும் வரைக்கும். ஜாடியோடு வந்த உங்கள் மரக்கரண்டி இங்கேதான் இருக்கிறது. கழுவித் துடைத்து வைத்திருக்கிறேன். நடக்க ஆரம்பித்ததும் அம்மாவே கொண்டுவந்து கொடுப்பார்களாம்.