நினைவில் இருப்பதை மட்டும் எழுதுங்கள், மோரி சார்

அன்புள்ள கோஜி மோரி சார் அவர்களுக்கு,

உங்கள் ஜப்பானில் மாங்கா என்கிற சித்திரக்கதை வரைகிறவர்களைச் 'சென்செய்' என்று கூப்பிடுவார்கள் என்று தெரியும். எனக்கு அது வாயில் ஒட்டவில்லை, சார் என்றே வைத்துக்கொள்கிறேன். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரப்போவதில்லை. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

உங்கள் சிநேகிதர் கென்தாரோ மியூரா 2021 மே 6ஆம் தேதி போய்விட்டார். பெருந்தமனிக் கிழிசல், வயது 54. செய்தி வெளியே வந்தது மே 20 அன்று. 1989இல் அவர் தொடங்கிய 'பெர்செர்க்' மாங்கா அப்படியே நடுக்கடலில் நின்றது. செப்டம்பரில் 364வது அத்தியாயம் வந்தது. அவர் விட்டுப்போன பக்கங்களை ஸ்டூடியோ காகாவில் அவரோடு வேலை செய்தவர்கள் முடித்துக் கொடுத்திருந்தார்கள். முழுநிலவு நாளில் மட்டும் வந்து போகும் அந்த ஊமைப் பையன், கண்ணெதிரே கிரிஃபித்தாக உருமாறி நிற்கிறான். அவன் கண்ணில் நீர். கதாநாயகன் கட்ஸ் பார்த்துக்கொண்டிருக்கிறான். தன் படையையே பேய்களுக்குப் பலி கொடுத்த கிரிஃபித், ஒற்றைக் கண்ணும் ஒற்றைக் கையுமாக இவன் துரத்திக்கொண்டே இருந்தவன், வாளுக்கு எட்டும் தூரத்தில் நிற்கிறான். வரைந்த கை போய்விட்டது. நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வாசல் படியில் போய் உட்கார்ந்தேன். வீட்டில் என்ன ஆச்சு என்று கேட்டார்கள். ஒரு பொம்மைப் புத்தகம் எழுதுகிறவர் செத்துப்போனார் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

2022 ஜூனில், கதையை நீங்கள் தொடரப்போவதாக உங்கள் அறிவிப்பு வந்தது. சுமார் முப்பது வருஷத்துக்கு முன்னால் மியூரா உங்களைக் கூப்பிட்டிருக்கிறார். கிரகணத்தை, அதாவது கிரிஃபித் படையைப் பலி கொடுக்கிற இடத்தை, வரையப்போகிறேன், கதை பேச வேண்டும் என்று. போன உங்களை ஒரு வாரம் வெளியே விடவில்லை. அந்த ஒரு வாரத்தில் கதை கடைசி வரை உருவாகிவிட்டது, அதை உங்களைத் தவிர யாரிடமும் அவர் சொல்லவில்லை. அவர் வாயால் கேட்டதை மட்டும் எழுதுவேன், சரியாக நினைவில்லாததை எழுத மாட்டேன், சொந்தமாகச் சதை வைக்க மாட்டேன் என்று எழுதியிருந்தீர்கள்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு நம்பிக்கை வரவில்லை. உங்கள் 'ஹோலிலேண்ட்' படித்திருக்கிறேன். ஒரு தெருச்சண்டை நடுவே கதையை நிறுத்தி, இந்தக் குத்து ஏன் விழுந்தது, கால் எங்கே இருக்க வேண்டும் என்று பாடம் எடுக்கிற ஆள் நீங்கள். (அது எனக்குப் பிடிக்கும் என்பது வேறு விஷயம்.) விளக்காமல் இருக்க முடியாத கைக்கு இந்த விரதம் எத்தனை நாள் தாங்கும் என்றுதான் நினைத்தேன்.

தாங்கியிருக்கிறது. அதுதான் இப்போது பலருக்குக் குறையாகவும் தெரிகிறது. 365இலிருந்து வந்த அத்தியாயங்களில் முகங்கள் கொஞ்சம் விறைப்பு. பேச்சு குறைவு. கட்ஸின் வாள் கிரிஃபித்தைத் தொடவே இல்லை, கட்ஸின் காதலி காஸ்காவைத் தூக்கிக்கொண்டு கிரிஃபித் போகிறான், குட்டித் தேவதைகளின் ஊரான எல்ஃப்ஹெல்ம் சரிகிறது, கட்ஸ் கப்பலில் பேச்சற்றுக் கிடக்கிறான். மியூராவாக இருந்தால் இதில் ஒவ்வொன்றுக்கும் நம்மை மாதக்கணக்கில் காக்க வைத்திருப்பார். நடுவில் பக் என்கிற குட்டித் தேவதை ஏதாவது கோமாளித்தனம் பண்ணியிருக்கும். அந்த இடங்களெல்லாம் இப்போது காலியாக இருக்கின்றன. நான் படிக்கும்போது அந்தக் காலி இடம் கண்ணுக்குத் தெரிகிறது, வலிக்கிறது. ஆனால் அதை நிரப்பச் சொல்லி உங்களிடம் கேட்கிறவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை.

காரணம் அவர் கதைக்குள்ளேயே இருக்கிறது. எல்லோரும் பெர்செர்க் என்றதும் பழிவாங்கும் கதை என்பார்கள். ஆளுயர இரும்புப் பலகை மாதிரி ஒரு வாள், இடது கையில் ஒளித்த பீரங்கி, கழுத்தில் ரத்தம் கசியும் முத்திரை. முதல் இரண்டு தொகுதிகளில் அவ்வளவுதான். நான் அங்கேயே மூடி வைத்துவிட இருந்தேன். கிரகண அத்தியாயங்களை இன்றும் மறுவாசிப்பில் தாண்டிப் போய்விடுவேன். காஸ்காவுக்கு நடப்பதை அவ்வளவு விரிவாகக் காட்டியது தேவையா என்ற கேள்வி எனக்குத் தீரவே இல்லை.

என்னை உள்ளே பிடித்துப் போட்டது 17வது தொகுதி. கட்ஸ் இரண்டு வருஷம் பேய் வேட்டையாடிவிட்டுத் தேய்ந்த வாளோடு கிழட்டுக் கொல்லன் கோடோவின் பட்டறைக்குத் திரும்புகிறான். இங்கே விட்டுப்போன காஸ்கா காணாமல் போயிருக்கிறாள். கிழவனுக்கு உடம்பு முடியவில்லை. ஆனாலும் வாளைச் சீர்செய்துகொண்டே திட்டுகிறான். நீ பழிவாங்கப் போகவில்லையடா, துக்கத்தோடு உட்கார முடியாமல் ஓடிப்போனாய்; மிச்சமிருந்த ஒருத்தியையும் விட்டுவிட்டுப் போனாய் என்கிற மாதிரி. பெரிய சண்டை எதுவும் இல்லை. நெருப்பு, சம்மட்டி, தலை குனிந்த ஒரு முரடன். அதிலிருந்து அவன் வேட்டைக்காரனாக இல்லாமல் காவல்காரனாக மாறத் தொடங்குகிறான். மியூராவை நான் அண்ணாந்து பார்த்தது அந்தப் பக்கங்களில்தான், பேய்களை வரைந்த பக்கங்களில் அல்ல.

நீங்களும் ஓடிப்போயிருக்கலாம். முடிவை ஒரு கட்டுரையில் நாலு வரியாகச் சொல்லிவிட்டுக் கை கழுவியிருந்தால் யாரும் கோபித்திருக்க மாட்டார்கள். உங்கள் சொந்த வேலை உங்களுக்கு இருந்தது. அது இருக்கும்போதே சிநேகிதனின் கதை முன்னால் உட்கார்ந்திருக்கிறீர்கள். கிரிஃபித்தின் பருந்துப் படையில் வரும் நட்புக்குப் பின்னால் தன் பள்ளிக்கூடத்துச் சிநேகிதர்கள் இருக்கிறார்கள் என்று மியூராவே சொல்லியிருக்கிறார். அந்தச் சிநேகிதர்களில் நீங்களும் ஒருவர். அதனால்தான் தயங்கித் தயங்கி இதைக் கேட்கிறேன். வாசகர்கள் நெருக்கினாலும், பதிப்பகம் நெருக்கினாலும், தெரியாததை எழுதாதீர்கள். மறந்ததை மறந்ததாகவே விடுங்கள். மியூராவே 83வது அத்தியாயத்தைப் புத்தகமாக்கும்போது எடுத்துவிட்டவர். அந்த உலகத்துக் கடவுளைப் பற்றி அதிகமாகச் சொல்லிவிட்டோம் என்று பட்டதால் எடுத்தார். இதுவரை வந்த தொகுதிகள் எதிலும் அது இல்லை.

கதை எப்படி முடியும் என்று கேட்கப்போவதில்லை, வருகிறபோது வரட்டும். கேட்க வேறு ஒன்று இருக்கிறது. அந்த ஒரு வாரம் உங்களைப் பூட்டி வைத்தாரே, ராத்திரி எல்லாம் பேசினீர்களே, இடையில் அவருக்குச் சிரிப்பு வந்ததா? கிரகணத்தைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் முகம் எப்படி இருந்தது? சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள்?

இப்படிக்கு,
தமிழில் படிக்கிற, தமிழில் மட்டுமே கடிதம் எழுதத் தெரிந்த
உங்கள் வாசகன்